இலவசப் பயணி என்பவர் யார்?

வேளச்சேரியில் இருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்காகக் கட்டிய உறைகிணறு வண்டல் படிந்து அடைத்துக் கிடக்கிறது. தூர்வாரி, ஜல்லியும் மணலும் மாற்றி, குழாய்களைச் சீர்செய்ய 40,000 ரூபாய் ஆகும். வீட்டுக்கு 2,000 ரூபாய். பதினேழு வீட்டார் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வீட்டார் மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மழைக்கு முன் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் மீதி 6,000 ரூபாயையும் மற்றவர்களே பங்கிட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் உயர்கிறது. சித்திரை வெயிலில் மோட்டாரைப் போட்டால் இருபது வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் வருகிறது. பணம் கொடுத்த வீடு எது, கொடுக்காத வீடு எது என்று நிலத்தடி நீர் பிரித்துப் பார்ப்பதில்லை.

பணம் தராமல் தண்ணீரை மட்டும் பெற்ற அந்த மூன்று வீட்டாரைக் குறிக்கப் பொருளியலில் ஒரு சொல் இருக்கிறது: இலவசப் பயணி. ஆங்கிலத்தில் ஃப்ரீ ரைடர் என்பார்கள். டிக்கெட் எடுக்காமல் வண்டியில் ஏறி, டிக்கெட் எடுத்தவர்கள் இறங்கும் அதே நிறுத்தத்தில் இறங்குபவர் என்பது நேர்ப்பொருள். பலர் சேர்ந்து சுமக்கும் செலவிலோ உழைப்பிலோ தன் பங்கைத் தராமல், அதன் பயனை மட்டும் முழுதாகப் பெறுபவர் என்பது விரிந்த பொருள். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு மிக நெருக்கமாக வருவது நோகாமல் நொங்கு தின்பது என்ற சொலவடை. மரம் ஏறியவர் ஒருவர், சீவியவர் ஒருவர், சுளையை மட்டும் எடுத்துக்கொள்பவர் இன்னொருவர்.

சுயநலக்காரர் என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். சுயநலம் ஒரு மனிதரின் குணத்தைச் சொல்கிறது. இலவசப் பயணி என்ற சொல், அந்த மனிதருக்கும் ஒரு கூட்டு ஏற்பாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. தன் சம்பளத்தை யாருக்கும் தராமல் பூட்டி வைப்பவர் சுயநலக்காரராக இருக்கலாம், கருமியாகவும் இருக்கலாம்; ஆனால் இலவசப் பயணி ஆகமாட்டார். பிறர் பொருளை எடுத்துச் செல்பவர் திருடர். அவர் எடுத்தால் மற்றவருக்கு அது இல்லாமல் போகிறது. இலவசப் பயணி எடுக்கும்போது அந்தக் கணத்தில் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. அதனால்தான் அவரால் மனச்சாட்சி உறுத்தாமல் இருந்துவிட முடிகிறது. நான் ஒருவன் தராததால் என்ன நின்றுவிட்டது என்று கேட்டால், பெரும்பாலும் உடனே பதில் சொல்லவும் முடிவதில்லை.

இது எல்லா இடத்திலும் நிகழ்வதில்லை. தியேட்டரில் டிக்கெட் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். யாரை விலக்க முடியாதோ அங்கேதான் இந்தச் சிக்கல் பிறக்கிறது. பொருளியல் பாடத்தில் இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் உதாரணம் கலங்கரை விளக்கம். சென்னைக்காரர்களுக்கு அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது முதல் விளக்கு. 1844இல் அது இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணுக்கு மாறியது. 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கே ஏறியது. 1977 முதல் மெரினாவில் இருந்து சுழல்கிறது. இந்த விளக்கின் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் அடுத்த கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. காசு கொடுக்காத கப்பலின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் ஒளியை மறைக்கவும் முடியாது. இந்த இரண்டு இயல்பும் சேர்ந்திருப்பவற்றைப் பொதுப் பண்டங்கள் என்கிறார்கள். தெருவிளக்கு, கொசு ஒழிப்பு, வெள்ள எச்சரிக்கை எல்லாம் இந்த வகை.

அப்படியானால் விளக்குக்கு யார் பணம் கொடுப்பது? ஒவ்வொரு கப்பல் தலைவனிடமும் விருப்பம் போலக் கொடு என்றால், மற்றவன் கொடுப்பான் என்று எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நடுக்கடலில் ஒளிக்குக் கட்டணம் கேட்க முடியாது, ஆனால் துறைமுகத்துக்குள் வரும் கப்பலை நிறுத்த முடியும். எனவே துறைமுகத்தில் வைத்தே விளக்குக்கும் சேர்த்து வசூலித்தார்கள். பிரிட்டனில் பல நூற்றாண்டுகள் நடந்தது அதுதான். இந்தியாவிலும் 1927இல் வந்த கலங்கரை விளக்கச் சட்டம் துறைமுகங்களில் அந்தக் கட்டணத்தை வசூலிக்க வழி செய்தது. விலக்க முடியாத ஒன்றின் செலவை, விலக்கக்கூடிய ஒன்றோடு கட்டிவிடுவது என்ற இந்த உத்தியை ஒருமுறை புரிந்துகொண்டால் வேறு பல இடங்களிலும் அதைக் கண்டுகொள்ளலாம்.

இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்ததில் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள், சந்தா கட்டாமல் சங்கம் வாங்கித் தந்த கூலி உயர்வை மட்டும் பெற்றுக்கொள்ளும் தொழிலாளர்களை இப்படி அழைத்தன. நமக்கும் இது அந்நியமான நிலைமை அன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் அதில் முன்நின்றார்கள். சங்கத்தில் சேர்வது என்றால் அன்றைக்கு வேலையையே பணயம் வைப்பது. வெற்றி கிடைத்தால் அது சேராதவருக்கும் போய்ச் சேரும். பின்னர் வந்த சட்டமும் அப்படித்தான் இருந்தது: 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்பட்ட ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாத தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் என்றது. அது நியாயமான விதி. இல்லாவிட்டால் சங்கத்தில் இல்லாதவரைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளவே முதலாளி விரும்புவார். ஆனால் அந்த நியாயமே சந்தா கட்டாமல் ஒதுங்கி நிற்பதை லாபகரமாகவும் ஆக்கிவிடுகிறது.

அடுத்தது, இதில் தலைகளின் எண்ணிக்கை செய்யும் வேலை. 1740 வாக்கிலேயே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இருவருக்குப் பொதுவான புல்வெளியில் தேங்கும் நீரை வடிக்க அந்த இருவரும் எளிதில் உடன்பட்டுவிடுவார்கள். ஒருவர் கைவிட்டால் வேலையே நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். அதுவே ஆயிரம் பேருக்குப் பொதுவான நிலமாக இருந்தால், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சுமையை மற்றவர் மேல் இறக்கப் பார்ப்பார்கள். 1965இல் மன்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைக் கோட்பாடாகவே வளர்த்தார். ஒரே நோக்கம் கொண்டவர்கள் பலர் இருந்தால் அவர்கள் தாமாகவே ஒன்று சேர்ந்து அதற்காக உழைப்பார்கள் என்று அதுவரை நம்பப்பட்டது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக அது நடப்பது அரிது என்றார் அவர். ஒரு பகுதியின் பத்து ஆலை முதலாளிகள் விரைவில் ஒன்றுகூடிவிடுகிறார்கள், அதே பகுதியின் பத்தாயிரம் நுகர்வோர் கூடுவதில்லை என்பதற்கு இது கணிசமான அளவு விளக்கம் தருகிறது.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோம். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் தேர் வரும்போது வடத்தில் கை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவு இழுக்கிறார்களா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இதை உண்மையாகவே அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவர்கள் தனித்தனியே இழுத்திருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய வலிமையில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வரும் இழப்பும் அதில் சேர்ந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்காக 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக அவரை நம்பவைத்துத் தனியாகவே இழுக்கச் செய்தார்கள். அப்போதும் அவர் இழுத்த வலிமை குறைந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பங்கு கூட்டத்தில் கரைந்துபோகும் என்று தெரிந்தால், உடல் தானாகவே கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்கிறது. இலவசப் பயணத்தின் தொடக்கம் பல நேரம் இவ்வளவு சாதாரணமானது.

இதற்கு உறவுள்ள இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதே இருபது வீட்டுக் குடியிருப்பில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப் நிரப்புகிறார்கள், செலவை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டே பாத்திரம் கழுவி, மாதம் 600 ரூபாய் மதிப்புள்ள தண்ணீரைக் கூடுதலாகச் செலவழித்தால் அந்த வீட்டின் பங்கில் ஏறுவது 30 ரூபாய்தான். மீதி 570 ரூபாய் மற்ற பத்தொன்பது வீடுகளின் தலையில் விழுகிறது. இங்கே அவர் பங்கைத் தந்துவிட்டார். பயனைத்தான் அளவுக்கு மீறி எடுத்தார். எடுக்க எடுக்கக் குறையும் பொதுப் பொருளில் வரும் இந்த நிலையைத்தான் 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை ஓட்டிவிடுவதாக உருவகித்து, பொதுநிலத்தின் அவலம் என்றார். தராமல் இருப்பது முதல் சிக்கல், மிகுதியாக எடுப்பது இரண்டாவது. தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே வரும்.

சென்னையில் இதை உணராதவர் யாரும் இருக்க முடியாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட முழுதாக வற்றின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. நகரின் வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987லேயே சட்டம் வந்தது. 2003இல் மாநில அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. அந்தக் கட்டாயத்தின் தேவையை இலவசப் பயணி என்ற கருத்தைக் கொண்டு எளிதாகப் புரிந்துகொள்ளலாம். திருவான்மியூரில் ஒருவர் தன் வீட்டில் மழைநீரை இறக்கினால் அது அவர் மதில் சுவரோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகிறது. தானாக முன்வருபவரை மட்டும் நம்பியிருந்தால் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர் செய்யட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். ஆனால் தொட்டி கட்டியதைக் கண்ணால் பார்த்துச் சான்று தர முடிந்தது. ஆண்டுதோறும் அதைத் தூர்வாருகிறார்களா என்பதை அப்படிப் பார்க்க முடியவில்லை. கட்டியபோது தடுக்கப்பட்ட இலவசப் பயணம், பராமரிப்பில் மீண்டும் நுழைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

கடலோர நகரம் ஒன்று இதே நெருக்கடியில் என்ன செய்தது என்பதை ஆராய்ந்து தன் ஆய்வு வாழ்க்கையைத் தொடங்கியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம். 1965இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் நிலத்தடி நீர் பற்றியது. அங்கும் ஆளாளுக்கு உறிஞ்சினார்கள், கடல்நீர் உள்ளே வந்தது. உறிஞ்சுபவர்கள் சங்கம் அமைத்து, நீதிமன்றத்துக்குப் போய், ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கலாம் என்று வரையறுத்துக்கொண்டார்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கு ஆண்டுதோறும் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. நான் மட்டும் குறைத்து ஏமாந்துவிடுவேனோ என்ற அச்சம் அதனால் தணிந்தது. பிறகு ஆஸ்ட்ரம் பல நாடுகளின் பாசனக் கால்வாய்கள், காடுகள், மீன்பிடித் துறைகளை ஆராய்ந்து, மக்கள் தாங்களே விதி வகுத்துக் காத்த பொதுவளங்கள் நூற்றாண்டுகள் நீடித்திருப்பதைக் காட்டினார். யார் உறுப்பினர் என்ற தெளிவு, விதி வகுப்பதில் உறுப்பினர்களுக்கே பங்கு, கண்காணிப்பு, முதல் தவறுக்குச் சிறிய தண்டனை என்பவை அவர் கண்ட பொது அம்சங்களில் சில. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய சான்று இருக்கிறது. சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. ஏரி வாரியம் அவற்றில் ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் போட்டியிடத் தகுதி இல்லை. நிலம் உள்ள பிராமணர்களின் சபை அது, ஊர் முழுவதற்குமான ஜனநாயகம் என்று அதைப் பெருமைப்படுத்திவிடக் கூடாது. ஆயினும் பொது ஏரியைத் தொடுபவர் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற விதி, இன்றைய குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றில் இல்லாதது. குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரிக்கரை வேலை செய்யும் வழக்கம் இருந்தது. வராதவர்களைத் தண்டிக்க 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டது.

இனி, இந்தச் சொல்லை யார் மேல் வீசக் கூடாது என்பது. இதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இன்றிப் பயணம் செய்கிறார்கள். அதிகாலையில் கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்ணை யாராவது ஓசிப் பயணி என்றால், அது தவறான சொல், கொடுமையான சொல்லும்கூட. அவருடைய பயணச் செலவை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அந்த அரசுப் பணத்தில் அவர் வாங்கும் சோப்புக்கும் பருப்புப் பொட்டலத்துக்கும் கட்டிய வரியும் இருக்கிறது. அரசு வெளிப்படையாக எடுத்த முடிவின்படி கிடைப்பது உரிமை. கொடுக்க வழியுள்ளவர், கொடுப்பதாக ஒப்புக்கொண்ட ஏற்பாட்டில், மறைவாக விலகி நிற்பதுதான் இலவசப் பயணம். வரி ஏய்க்கும் வணிகர் பளபளப்பான காரில் மேம்பாலத்தின் மேல் போகும்போது அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்குப் பொருந்தாது.

கொடுக்க இயலாதவரைப் போலவே, கேட்காத பயனைப் பெற்றவரையும் இந்தச் சொல்லால் அடிக்கக் கூடாது. ஆடி மாதம் தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி விழா நடத்துகிறார்கள், ரசீதுப் புத்தகத்தோடு வசூலுக்கு வருகிறார்கள். பாட்டு உங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டது என்பதால் நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிடுவீர்களா? அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் ஏறத்தாழ இதே கேள்வியை, அண்டை வீட்டார் அமைத்த ஒலிபெருக்கியை உதாரணமாக வைத்தே கேட்டார். கேட்காமல் ஒருவர் மேல் சொரிந்த நன்மை அவரைக் கடனாளி ஆக்காது என்பது அவர் பதில். உங்களுக்கு விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் இலவசப் பயணி ஆகமாட்டீர்கள்.

அடுக்குமாடிகளில் ஓயாமல் நடக்கும் லிப்ட் சண்டையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் குடியிருப்பவர் லிப்ட் பராமரிப்புக்குப் பணம் தர மறுக்கிறார். மேல்தளத்தார் அவரை ஓசியில் வாழ்பவர் என்கிறார்கள். அவர் லிப்டில் ஏறுவதே இல்லை என்றால், அவர் பெறாத பயனுக்கு அந்தச் சொல் ஒட்டாது. வீடு வாங்கும்போது பொதுச் செலவு அனைத்தையும் சமமாகப் பகிர்வதாகக் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு; அப்போது அவர் வாக்குறுதியை மீறுகிறார், அந்தத் தவற்றை அந்தப் பெயராலேயே சொல்லலாம். அதே மனிதர் உறைகிணற்றைத் தூர்வாரும் செலவிலும் விலகி நின்று, தன் வீட்டுக் குழாயில் மட்டும் அந்தத் தண்ணீரைப் பிடித்தால், அப்போது அவர் இலவசப் பயணிதான். பொதுக் கூட்டத்தில் அதை வெளிப்படையாகச் சொல்வதற்கு முன், அவரிடம் உண்மையில் யாராவது போய்க் கேட்டார்களா, வேலைக்கான செலவுக் கணக்கு அவர் கைக்குப் போனதா என்று செயலாளர் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.